4 ஜிபி சிஸ்டத்தில் கூடுதல் ரேம் போடலாமா? கொருக்குப்பேட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்க கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். கொருக்குப்பேட்டையில் சின்னதாக ஒரு டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கீங்க. ஆபீஸில் கழித்த டெஸ்க்டாப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினீங்க. ஐ3 நாலாம் தலைமுறை ப்ராசஸர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. போட்டோஷாப்பில் கல்யாணப் பத்திரிகை திறந்திருக்கும்போது, ஆன்லைனில் அப்ளிகேஷன் போடணும் என்று யாராவது வந்து நின்றால், குரோமைத் திறந்ததும் மெஷின் ஹேங் ஆகிறது. ஒரு கடையில் "போர்டே பழசு, மொத்தமா மாத்திடு" என்றார்கள். இன்னொருவர் சர்வரில் கழற்றிய 8 ஜிபி ரேம் ஸ்டிக் மலிவாகத் தருகிறேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது, நானே மாட்டலாமா என்று கேட்டிருக்கீங்க.

மொத்தமாக மாற்ற வேண்டாம். அந்த சர்வர் ஸ்டிக்கை வாங்கவும் வேண்டாம். நீங்களே மாட்டலாம். ரேம் மாட்டுவது அஞ்சு நிமிஷ வேலை. எந்த ரேம் என்று கண்டுபிடிப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் இருபது வருஷத்துக்கு மேல் சிஸ்டம் சர்வீஸ் பார்க்கிறேன். மாட்டத் தெரியாமல் காசு இழந்தவர்களை விட, பார்க்காமல் வாங்கி இழந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்து வாங்கிய ஸ்டிக் மெஷினுக்குப் பொருந்தாமல் டேபிள் டிராயரில் கிடப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், குறை ரேமில்தானா என்று உறுதி செய்யணும். உங்க கடையில் பரபரப்பான நேரத்தில் என்னென்ன திறந்திருக்குமோ அதையெல்லாம் திறந்து வையுங்க. போட்டோஷாப், கோரல்டிரா, குரோமில் நாலு டேப், பிரின்ட் ஓடட்டும். இப்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி, அதாவது ரேம். 85, 90 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்காமல் நிற்கிறதா பாருங்க. கீழே கமிட்டட் என்று இரண்டு எண் இருக்கும். அதில் முதல் எண் 4 ஜிபியைத் தாண்டி ஓடினால், மெஷின் தன்னிடம் இருக்கும் ரேமுக்கு மேல் கடன் வாங்கி ஓடுகிறது என்று அர்த்தம்.

அந்தக் கடன் எங்கிருந்து வருகிறது? ஹார்டு டிஸ்கில் இருந்து. உங்க கடையில் பத்திரிகை மாடல் ஆல்பங்கள் மேஜை மேல் இருந்தால், கேட்டதும் எடுத்துக் காட்டலாம். மேஜை நிறைந்து, பாதி ஆல்பத்தைப் பரணில் போட்டுவிட்டால்? ஒவ்வொரு முறையும் ஏணி போட்டு ஏறணும்; மேலே இருப்பதை இறக்க, கீழே இருக்கும் ஒன்றை மேலே ஏற்றணும். ரேம் போதாதபோது விண்டோஸ் இதைத்தான் செய்கிறது. ரேம்தான் அந்த மேஜை. ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் ஒதுக்கி வைக்கும் பேஜ் ஃபைல் என்பது அந்தப் பரண். ஹார்டு டிஸ்கில் ஒரு இடத்தைத் தேடி எடுக்க 10 மில்லி செகண்டுக்குப் பக்கம் ஆகும். ரேமில் அது 100 நானோ செகண்டுக்குள் முடிந்துவிடும். லட்சம் மடங்கு வித்தியாசம். மவுஸ் அப்படியே நின்றுபோய், கேபினெட்டில் சிவப்பு லைட் விடாமல் மின்னும்போது நடப்பது இந்த ஏற்ற இறக்கம்தான்.

இதில் ஒரு குழப்பம் வரும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும். "அப்போ டிஸ்க்தான் ப்ராப்ளம்" என்று சொல்லி எஸ்எஸ்டி, அதாவது ஹார்டு டிஸ்குக்குப் பதிலான வேகமான டிஸ்க், போடச் சொல்வார்கள். மெமரியும் டிஸ்கும் சேர்ந்தே உச்சத்தில் நின்றால் மூல காரணம் பெரும்பாலும் ரேம். மெமரி பாதிதான் ஓடுகிறது, டிஸ்க் மட்டும் 100 என்றால் அது டிஸ்கின் கதை. எஸ்எஸ்டி போடுவது நல்ல காரியம்தான், மெஷின் ஆன் ஆகும் வேகமே மாறிவிடும். ஆனால் உங்க வேலைக்கு 4 ஜிபியை வைத்துக்கொண்டு எஸ்எஸ்டி மட்டும் போட்டால், விண்டோஸ் அந்தப் புது எஸ்எஸ்டியையும் பரணாக்கித் தேய்க்கும். கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முதலில் ரேம், அடுத்த மாசம் எஸ்எஸ்டி. இது என் கருத்து.

அடுத்தது, வாங்கும் முன் பார்க்க வேண்டியது. இங்கே அவசரப்படாதீங்க.

உங்க விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா? மை கம்ப்யூட்டரில் (விண்டோஸ் 10-ல் அதன் பெயர் திஸ் பிசி) ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் தெரியும். 32 பிட் விண்டோஸ் 10 எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் எடுக்காது. அதிலும் மூன்று, மூன்றரை ஜிபிதான் வேலைக்கு உதவும். "4 ஜிபி, 3.2 ஜிபி யூஸபிள்" என்கிற மாதிரி காட்டினால் பெரும்பாலும் 32 பிட்தான். அப்படியானால் 64 பிட்டைப் புதிதாக ஏற்றாமல் ரேம் வாங்குவது வீண். லைசென்ஸ் கீ இரண்டுக்கும் ஒன்றே, அதற்குத் தனியாகக் காசு கிடையாது. ஆனால் ஃபார்மட் செய்யணும். டிடிபி கடைக்காரர்கள் ஃபார்மட்டில் இழப்பது ஃபைல்களை அல்ல, ஃபான்ட்களை. பாமினி, வானவில் என்று வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த ஃபான்ட்கள் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும். அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பழைய ஃபைலைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும்போதுதான் ஞாபகம் வரும். அந்த ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக பென்டிரைவில் காப்பி செய்யாமல் ஃபார்மட்டுக்குக் கொடுக்காதீங்க.

ரேம் மாட்டும் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை காலி? டாஸ்க் மேனேஜரின் அதே மெமரி பக்கத்தில் ஸ்லாட்ஸ் யூஸ்டு, 1 ஆஃப் 2 என்று காட்டும். வேகம் 1600 என்று இருக்கும். எச்81 போர்டில் இரண்டு ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி வரை எடுக்கும், அதுவும் டிடிஆர்3 என்ற தலைமுறை ரேம் மட்டும்தான். ஆனால் ஸ்கிரீனில் காட்டுவதை மட்டும் நம்பிக் கடைக்குப் போகாதீங்க. ஒருமுறை கேபினெட்டைத் திறந்து இருக்கும் ஸ்டிக்கைக் கழற்றி, அதன் ஸ்டிக்கரை இரண்டு பக்கமும் போட்டோ எடுங்க. எப்படித் திறப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

அந்த ஸ்டிக்கரைப் படிக்கத் தெரிந்துவிட்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. 4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800யு என்கிற மாதிரி எழுதியிருக்கும். பிசி3 என்றால் டிடிஆர்3. பக்கத்தில் எல் இருந்தால் 1.35 வோல்ட்டில் ஓடக்கூடியது. எல் இல்லாத சாதா டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட் வேணும். 12800 என்பது ஒரு செகண்டுக்கு எத்தனை மெகாபைட் என்ற கணக்கு. 8 ஆல் வகுத்தால் 1600, அதுதான் கடையில் சொல்லும் மெகாஹெர்ட்ஸ். 1ஆர்எக்ஸ்8 என்றால் ஸ்டிக்கில் எட்டு சிப், 2ஆர்எக்ஸ்8 என்றால் பதினாறு. கடைசி எழுத்துதான் பலருக்குத் தெரியாதது, காசு போவதும் அங்கேதான். யு என்றால் சாதாரண டெஸ்க்டாப் ரேம். எஸ் என்றால் லேப்டாப். ஆர் என்றால் ரெஜிஸ்டர்டு, அதாவது சர்வர் ரேம். இ என்றால் இசிசி, அதாவது தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் ரேம்.

உங்களுக்கு மலிவாகத் தருகிறேன் என்றவரின் ஸ்டிக்கில் அந்த எழுத்தைப் பாருங்க. பெரும்பாலும் ஆர் ஆக இருக்கும். சிப்களை எண்ணினாலும் தெரியும்: சாதா ஸ்டிக்கில் எட்டு எட்டாக இருக்கும், சர்வர் ஸ்டிக்கில் ஒன்பது ஒன்பதாக இருக்கும், நடுவில் தனியாக ஒரு சிப்பும் உட்கார்ந்திருக்கும். கொடுமை என்னவென்றால் டிடிஆர்3 சர்வர் ஸ்டிக் உங்க ஸ்லாட்டில் அழகாக உட்காரும், லாக்கும் விழும். ஆனால் டிஸ்பிளே வராது. சர்வரில் அது நல்ல ரேம்தான். உங்க ப்ராசஸருக்கு அதனுடன் பேசத் தெரியாது. கொடுப்பவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியாமல் இருக்கலாம். காசு போவது உங்களுக்கு.

இதே மாதிரி இன்னொரு வகை உண்டு. "ஏஎம்டி போர்டுக்கு மட்டும்" என்று சின்ன எழுத்தில் போட்டு ஆன்லைனில் விலை குறைத்து விற்கும் டிடிஆர்3 ஸ்டிக்குகள். உங்களுடையது இன்டெல், அதில் ஓடாது. விலை மற்றதை விடப் பாதிதான் என்று தோன்றினால் விவரக் குறிப்பைக் கடைசி வரி வரை படியுங்க.

வீட்டில் அரசாங்க லேப்டாப் ஒன்று பழுதாகிக் கிடக்கும், அதிலிருக்கும் ரேமை எடுத்து இதில் போடலாமா என்று வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். 2011-லிருந்து கொடுத்த லேப்டாப்கள் நம் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. அந்த ஸ்டிக் டெஸ்க்டாப் ஸ்டிக்கில் பாதி நீளம்தான். டிடிஆர்3-ல் டெஸ்க்டாப் ஸ்டிக்குக்கு 240 பின், லேப்டாப்புக்கு 204. உட்காராது. ஆனால் உள்ளங்கை அளவு மினி பிசி, மானிட்டருக்குள்ளேயே எல்லாம் இருக்கும் ஆல் இன் ஒன் இவை பெரும்பாலும் லேப்டாப் ஸ்டிக்கைத்தான் எடுக்கும். அந்த மாதிரி மெஷின் வைத்திருப்பவர்கள் டெஸ்க்டாப் என்ற பெயரை நம்பி நீளமான ஸ்டிக் வாங்கிவிட வேண்டாம்.

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று போகாது. ஒவ்வொன்றிலும் அடியில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், தப்பாக மாட்டக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். டிடிஆர்4-க்கும் 5-க்கும் பின் எண்ணிக்கை ஒன்றேதான், 288; ஆனாலும் வெட்டு மாறும். வோல்ட்டும் 1.2, 1.1 என்று குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

உங்களுக்கு என் சிபாரிசு: டிடிஆர்3எல், 1600, யு, 8 ஜிபி ஸ்டிக் ஒன்று. 1.35 வோல்ட் ஸ்டிக் 1.5 வோல்ட் போர்டிலும் ஓடும், அதனால் எல் இருப்பதை வாங்கினால் எப்படியும் நஷ்டமில்லை. இதற்கு நேர்மாறாக, ஆறாம் தலைமுறையில் டிடிஆர்3எல் போர்டு வைத்திருப்பவர்கள் 1.5 வோல்ட் ஸ்டிக்கைப் போடக்கூடாது. அது ப்ராசஸரையே கெடுக்கலாம். இருக்கும் 4 ஜிபியுடன் 8 சேர்த்தால் 12 ஜிபி. இரண்டு ஸ்டிக்கும் ஒரே அளவாக இருந்தால்தான் டூயல் சேனல் வரும், அதனால் 4 தான் வாங்கணும் என்று சிலர் சொல்வார்கள். பாதி சரி. டூயல் சேனல் என்பது இரண்டு ஸ்டிக்கிலும் ஒரே நேரத்தில் எழுதிப் படிப்பது; உங்களைப் போல தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினுக்கு அது நல்ல பலன் தரும். ஆனால் 4-ம் 8-ம் போட்டாலும், 4-க்கு 4 ஜோடி சேர்ந்து 8 ஜிபி டூயல் சேனலில் ஓடும், மீதி 4 மட்டும் சிங்கிளாக ஓடும். உங்க வேலைக்கு இடம்தான் முக்கியம். 4 வாங்கி 8 ஆக்கினால் இரண்டு ஸ்லாட்டும் அடைந்துவிடும், நாளை கூட்டணும் என்றால் ஒன்றைத் தூக்கிப் போடணும். கையில் காசு குறைவாக இருந்தால் மட்டும் 4 வாங்குங்க, அதுவும் இன்றைக்கு இருப்பதை விட எவ்வளவோ மேல்.

கம்பெனி வேறு வேறாக இருக்கலாமா என்றால் இருக்கலாம். மெமரி சிப் தயாரிப்பவர்களில் பெரியவர்கள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்று பேர்தான். மேலே ஒட்டும் பெயர்தான் பல. வேகம் வேறாக இருந்தால் இரண்டும் மெதுவான ஸ்டிக்கின் வேகத்துக்கு இறங்கி ஓடும். 1866 என்று ஒன்றை அதிக விலைக்குக் காட்டினால் வேண்டாம், உங்க ப்ராசஸர் 1600-க்கு மேல் எடுக்காது.

இன்னும் பழைய போர்டு, ஜி41 மாதிரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் 4 ஜிபி ஸ்டிக் போடணும் என்றால் பதினாறு சிப் இருக்கும் ஸ்டிக்காகப் பார்த்து வாங்குங்க. எட்டு சிப் 4 ஜிபி ஸ்டிக்கை அது எடுக்காது.

எங்கே வாங்குவது? ரிச்சி தெருதான். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீங்க, பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பழைய ஸ்டிக்கைக் கையில் எடுத்துப் போங்க, அல்லது போட்டோவாவது இருக்கட்டும். "8 ஜிபி ரேம் வேணும்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் எதையும் எடுத்துக் கொடுக்கலாம். "டெஸ்க்டாப் டிடிஆர்3, 1600, எல், 8 ஜிபி" என்று கேட்டால், ஆள் தெரிந்தவன் என்று அவருக்கே புரிந்துவிடும். மூன்று கடையில் விலை கேளுங்க. டேட்டா சென்டர்களுக்கு மெமரி போய்க்கொண்டே இருப்பதால் 2025 கடைசியில் டிடிஆர்4, டிடிஆர்5 விலை நன்றாக ஏறிவிட்டது. போன வருஷம் யாரோ வாங்கிய விலையை மனசில் வைத்துக்கொண்டு போகாதீங்க. உங்க மெஷினுக்கு செகண்ட் ஹேண்ட் ஸ்டிக்கே போதும், ஆனால் மாட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க ஒரு வாரமாவது டைம் கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்குங்க. வாய்ப் பேச்சுக்கு வாரன்டி கிடையாது.

செகண்ட் ஹேண்ட் போதும் என்று சொல்லக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. நாலாம் தலைமுறை ப்ராசஸருக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. இந்த டிடிஆர்3 ஸ்டிக்கை நாளை புது மெஷினுக்கு எடுத்துப் போகவும் முடியாது. ஆகவே இதில் அளவாகச் செலவு செய்து, இன்னும் இரண்டு மூன்று வருஷம் உழைக்க வைத்து, மீதியைப் புது மெஷினுக்குச் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

இப்போது மாட்டுவது. ஷட் டவுன் கொடுக்கும்போது ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே கொடுங்க, அப்போதுதான் விண்டோஸ் பாதித் தூக்கம் இல்லாமல் முழுதாக நிற்கும். பிறகு சுவிட்ச், யுபிஎஸ் எல்லாம் ஆஃப். பவர் கார்டைக் கேபினெட்டின் பின்னாலிருந்து உருவி எடுங்க. எடுத்த பிறகு பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடியுங்க, உள்ளே மிச்சமிருக்கும் கரன்ட் வடிந்துவிடும். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், தொழிலுக்கு வந்த புதிதில் ராயபுரத்தில் ஒரு அச்சகத்தில் நான் செய்த தப்பு. ஸ்கிரீன் கருப்பாக இருந்தது, ஃபேன் ஓடவில்லை, ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்து ஸ்டிக்கை உருவினேன். அது ஸ்லீப்பில் இருந்தது. பவர் கார்டு சொருகியிருக்கும் வரை எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை, போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும், ஸ்லீப்பில் ரேமுக்கும் கரன்ட் போகும். அந்த போர்டு அன்றோடு போய்விட்டது. என் இரண்டு மாச சம்பளத்தில் கட்டினேன். அந்த முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

நம் பக்கத்துப் பழைய வீடுகளிலும் கடைகளிலும் இன்னொரு விஷயம் உண்டு. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும். "லேசா ஷாக் அடிக்கும்ணா, பழகிடுச்சு" என்பார்கள். பழகக்கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர், மிச்சக் கரன்ட்டை எர்த்துக்குத் தள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். பிளக்கில் மூணாவது பின் எர்த்தோடு சேராமல் இருந்தால், அந்தக் கரன்ட் போக வழியில்லாமல் இரும்புக் கூட்டிலேயே நிற்கும். அந்தக் கரன்ட் மட்டும் என்றால் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது, ஆனால் ரேம் சிப்புக்கும் யுஎஸ்பி போர்ட்டுக்கும் அது கெடுதல். உங்க கடையில் அப்படி இருந்தால் ரேம் வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி பண்ணுங்க. இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சிஸ்டத்தைப் போட்டிருந்தால் அதை முதலில் மாற்றுங்க.

கார்டை உருவிய பிறகு, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு கையால் தொடுங்க. உங்க உடம்பில் இருக்கும் ஸ்டேட்டிக், போர்டு இரண்டும் சமமாகிவிடும். நம் ஊர் புழுக்கத்தில் ஸ்டேட்டிக் குறைவுதான், ஆனாலும் ஏசி ரூமில் பாலியஸ்டர் சட்டையோடு வேலை செய்தால் உண்டு. ஸ்டிக்கை எப்போதும் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்க, மஞ்சள் பல்லில் விரல் படக்கூடாது.

கேபினெட்டை மேஜை மேல் படுக்க வையுங்க. பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூ, பக்கத் தகடு கழன்று வரும். ஆபீஸ் மாடல் என்றால் ஸ்க்ரூ இல்லாமல் ஒரு லீவர் மட்டும் இருக்கலாம். உள்ளே பார்த்ததும் ரேமைத் தேடாதீங்க, முதலில் தூசியைப் பாருங்க. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓடும் புழுதி, காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் என்றால் அதோடு கடலின் உப்புக் காற்று. ஈரமும் உப்பும் தூசியும் ஒன்றாகச் சேர்ந்து ஸ்லாட்டுக்குள் படியும். கடலோரத்தில் இருந்து வரும் மெஷின்களில் ஸ்டிக்கின் பல் மங்கி, சில இடங்களில் பச்சை பிடித்தே இருக்கும். ரேம் கெட்டுவிட்டது என்று கொண்டுவரும் மெஷின்களில் பலவற்றை நான் துடைத்து மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

தூசியை வெளியில் எடுத்துப் போய் ப்ளோயரில் ஊதுங்க. ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்க. ஸ்லாட்டுக்குக் காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும். ஸ்டிக்கின் பல்லைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். வேலை செய்யும், ஆனால் அந்தத் தங்க முலாம் மிக மெல்லியது. வெள்ளை ரப்பரால் மெதுவாக, இரண்டு தடவை, துகளைத் தட்டிவிடுங்க. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் பழைய பனியன் துணியில் தொட்டுத் துடைப்பது இன்னும் நல்லது. உப்புத்தாள், பிளேடு, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். இதையெல்லாம் செய்து வந்த மெஷின்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்லாட்டின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் லாக்கை வெளிப்பக்கம் தள்ளுங்க. சில போர்டில் ஒரு பக்கம்தான் லாக் இருக்கும். ஸ்டிக்கின் அடியிலிருக்கும் வெட்டும் ஸ்லாட்டில் இருக்கும் மேடும் நேருக்கு நேர் வரணும். வரவில்லை என்றால் ஸ்டிக்கைத் திருப்புங்க. நேராக நிறுத்தி, இரண்டு கட்டை விரலாலும் இரண்டு ஓரத்தையும் ஒரே சமமாக அழுத்துங்க. டக் என்று லாக் தானாக வந்து பிடிக்கும். கொஞ்சம் பலமாகத்தான் அழுத்தணும், முதல் தடவை பயமாக இருக்கும். ஆனால் வெட்டு நேராக இல்லாமல் எவ்வளவு அழுத்தினாலும் உட்காராது, ஸ்லாட்தான் உடையும். நாலு ஸ்லாட் போர்டு வைத்திருப்பவர்கள் இரண்டு ஸ்டிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போடாமல், பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடணும். உங்களுக்கு இரண்டே ஸ்லாட், அந்தக் குழப்பம் இல்லை.

தகடு மூடாமல் ஆன் செய்யுங்க. முதல் தடவை டிஸ்பிளே வரக் கொஞ்சம் தாமதமாகலாம், ஒருமுறை தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகலாம். புது டிடிஆர்5 மெஷின்களில் இது ஓரிரு நிமிஷம் கூட ஆகும். பயந்து பவரைப் பிடுங்காதீங்க. கீ கீ என்று விடாமல் கத்தினால் ஸ்டிக் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். பவர் கார்டை உருவிவிட்டு ஸ்டிக்கை மறுபடி அழுத்துங்க. அப்போதும் வரவில்லை என்றால் புது ஸ்டிக்கை மட்டும் பழைய ஸ்டிக் இருந்த ஸ்லாட்டில் போட்டுப் பாருங்க. வந்தால் மற்ற ஸ்லாட்டில் தூசி அல்லது பழுது. வரவில்லை என்றால் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுக்கணும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது காரணம் என்று தெரியும்.

விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் 12 ஜிபி காட்டுகிறதா பாருங்க. ஹார்டுவேர் ரிசர்வ்டு என்று பல ஜிபி காட்டினால் ஸ்டிக் முழுதாக உட்காரவில்லை, இல்லாவிட்டால் எம்எஸ் கான்ஃபிக்கில் பூட் பகுதியில் மேக்ஸிமம் மெமரி என்ற டிக்கை யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிடுங்க.

இதோடு வேலை முடிந்தது என்று எல்லாரும் தகடை மூடிவிடுவார்கள். நீங்க மூடாதீங்க. கெட்ட ஸ்டிக் என்றால் மெஷின் நின்றுவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஓடிக்கொண்டே தப்பும் செய்யும். தண்டையார்பேட்டையில் ஒரு டிசைனர், சேவ் செய்த கோரல்டிரா ஃபைல் மறுநாள் திறக்கவில்லை என்று மாசக்கணக்கில் தவித்தார். வைரஸ் என்றார்கள், ஹார்டு டிஸ்க் மாற்றினார்கள், பென்டிரைவ் மாற்றினார்கள். கடைசியில் ரேமில் ஒரே ஒரு இடம் கெட்டிருந்தது. அந்த இடத்தில் போய் உட்கார்ந்த ஃபைல் எதுவானாலும் கெட்டுத்தான் டிஸ்குக்குப் போயிருக்கிறது. வாங்கிய அன்றைக்கே டெஸ்ட் செய்திருந்தால் கடையில் மாற்றித் தந்திருப்பார்கள். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்று ஒன்று இருக்கிறது, ஸ்டார்ட்டில் தேடினால் வரும். அதைவிட மெம்டெஸ்ட்86 நம்பகமானது. இலவசம், பென்டிரைவில் போட்டு பூட் செய்து, கடை மூடும்போது ஓட விட்டுப் போங்க. காலையில் ஒரு எரர் கூட இருக்கக்கூடாது. ஒன்று இருந்தாலும் ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு பில்லோடு கடைக்குப் போங்க.

சுத்தமாக இருந்தால் தகடை மூடி ஸ்க்ரூவைப் போடுங்க. கேபினெட்டைத் திரும்பவும் தரையில் வைக்காதீங்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தண்ணீர் புகுந்த மெஷின்கள் என் கடை வாசலில் வரிசையாக நின்றது எனக்கு மறக்காது. ஒரு ஸ்டூல் உயரத்தில் இருந்தவை பல தப்பித்தன. இரண்டு ஹாலோ பிளாக் அடுக்கி மேலே ஒரு பலகை போட்டாலும் போதும், பின்பக்கம் சுவருக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவு இடம் விட்டு வையுங்க.